ஹவில்தாராகிவிட்ட மகனுக்கு ஒரு மேஸ்திரி எழுதுவது

குமரா,

செவ்வாய்க்கிழமை காலை சென்ட்ரலில் உன்னை வண்டியேற்றிவிட்டு, மெட்ரோ பிடித்து டோல்கேட்டில் இறங்கி வீடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்ததும் உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவன்கிட்ட சொன்னியா?" என்பதுதான். இல்லை என்றேன். "ஒரு மாசம் லீவுல வூட்டுலயே இருந்தான், சொல்லல. ஸ்டேஷன் வரிக்கும் போன, அப்பவும் சொல்லல. இன்னும் எப்பதான் சொல்லுவ?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்கு எழுத உட்கார்ந்தவன் மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். போனில் பேசிப் பதிந்து அனுப்பலாமே மாமா என்று மருமகள் சொன்னாள். பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். உங்கள் பக்கம் வரும் கடிதத்தை வேறு யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். உன் ஆட்களுக்கு நீயே உரக்கப் படித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

இந்த முறை நீ வந்தபோது உன் சட்டைக் கையில் மூன்று பட்டை இருந்தது. பெட்டியிலிருந்து சீருடையை எடுத்து அம்மா கொடியில் உலர்த்தியபோது, அந்தப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். தொட்டதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நீ நாயக்காக இரண்டு பட்டை போட்டிருந்த காலத்தில் அதை நான் என்ன பேசினேன் என்பது உனக்கும் நினைவிருக்கும், எனக்கும் நினைவிருக்கிறது.

உன் கல்யாணத்தன்று, தண்டையார்பேட்டை மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். உன் மாமனாரின் அண்ணன்தான் மரியாதையாக ஆரம்பித்தார். "மாப்ள, நாயக்னா எத்தினி பேருக்கு மேல?" என்று கேட்டார். செக்‌ஷனில் பத்துப் பேர், ஹவில்தார் இல்லாத நேரத்தில் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ சொன்னாய். நான் சும்மா இருந்திருக்கலாம். நடுவில் புகுந்தேன்.

"அவங்களுக்கு லீவு நீ குடுப்பியா?"

"என்னால முடியாதுப்பா. சுபேதார் சார்கிட்ட சொல்லணும். அவரு ஆபீசர்கிட்ட சொல்லுவாரு."

"தப்பு பண்ணா தண்டனை?"

"அதுவும் ஆபீசர்தாம்ப்பா. நான் ரிப்போர்ட் பண்ணலாம், அவ்ளோதான்."

"அப்ப உனுக்கு இன்னாதாண்டா பவரு?"

"யாருக்கு கால்ல கொப்புளம் கீது, யாரு ஊர்லேந்து போன் வந்ததுலேந்து சரியா சாப்புடல, இதெல்லாம் எனக்குத் தெரியணும்ப்பா. ஆபீசருக்கு அது தெரியாது. நான் சொன்னாதான் தெரியும்" என்றாய். நல்ல பதில்தான். ஆனால் எனக்கு அப்போது அது நொண்டிச் சமாதானமாகப் பட்டது. பிளஸ் டூவில் அவ்வளவு மார்க் எடுத்தவன், ஆபீசராகப் போயிருக்க வேண்டியவன், பத்தொன்பது வயதில் ஆளெடுப்பு வரிசையில் ஓடிப் போய்ச் சிப்பாயாகச் சேர்ந்துவிட்டானே என்ற ஆத்திரம் எட்டு வருடமாக எனக்குள் இருந்தது. "கேட்டுக்கோ சம்பந்தி, பட்டை எத்தினி போட்டாலும் கூலி மேஸ்திரிதான். மேல இருக்கறவன் சொல்றத கீழ சொல்ணும். வேற இன்னா கீது அதுல?" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மாலையும் கழுத்துமாக நின்று நீ சிரித்த அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மேஸ்திரி வேலையைப் பற்றி அப்படியொரு கேவலமான எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. இருபத்தைந்து வருடம் துறைமுகத்தில் சரக்கிறக்கும் ஒரு காண்டிராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தவன் நான். எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். எனக்கு மேலே சூப்பர்வைசர், அவருக்கு மேலே கம்பெனி. ஆளை வேலைக்கு எடுக்கவும் நிறுத்தவும் எனக்கு அதிகாரமில்லை. ஆனால் கிரேன்காரன் என் கையைப் பார்த்துத்தான் சரக்கைத் தூக்குவான், என் கையைப் பார்த்துத்தான் நிறுத்துவான்.

ஏழுமலை மாமாவை உனக்கு நினைவிருக்கலாம். எண்ணூரிலிருந்து வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். நீ நாலாவது படிக்கும்போது திடீரென்று அவர் வருவது நின்றுபோனது. ஏன் என்று நீ இரண்டு முறை கேட்டாய். வேலையில் அடிபட்டுவிட்டது, ஊரோடு போய்விட்டார் என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது சொல்கிறேன்.

அன்றைக்குக் கப்பலிலிருந்து இரும்புக் கம்பிக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தோம். சாயங்காலத்துக்குள் கப்பல் கிளம்ப வேண்டும். சூப்பர்வைசர் காலையிலிருந்து நாலு தடவை வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து திரும்ப ஆரம்பித்தபோது ஏழுமலை என்னிடம் வந்து, "மேஸ்திரி, வயரு பிஞ்சிகினு கீது. வேணாம், மாத்தச் சொல்லு" என்றான். போய்ப் பார்த்தேன். கம்பிக் கட்டுகளைத் தூக்கும் இரும்பு வடத்தில் ஒரு பக்கம் இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்றன. என் கண்ணால் பார்த்தேன் குமரா. மாற்ற வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் போக வேண்டும், அவர் ஸ்டோருக்கு ஆள் அனுப்ப வேண்டும், ஒரு மணி நேரமாவது வேலை நிற்கும். அந்த ஆளின் வாயில் ஐந்தாவது தடவை விழ எனக்குத் தெம்பில்லை. "இன்னும் நாலு கட்டுதாண்டா. முடிச்சிட்டு மாத்திக்கலாம்" என்றேன். ஏழுமலை என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் தன் இடத்துக்குப் போய் நின்றான். நான் கையைத் தூக்கினேன்.

இரண்டாவது கட்டு மேலே ஏறும்போது வடம் அறுந்தது. மற்றவர்கள் விலகி ஓடிவிட்டார்கள். ஏழுமலையின் வலது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தது. கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். என்னை உட்கார வைத்து, வடம் பழுதாக இருந்ததென்று யாராவது என்னிடம் சொன்னார்களா என்று கேட்டார்கள். சூப்பர்வைசர் எதிரே உட்கார்ந்திருந்தார். "யாரும் சொல்லல சார்" என்றேன். மூன்றே வார்த்தைகள். அதை வைத்து, நிற்கக்கூடாத இடத்தில் நின்றதால் தொழிலாளிக்கு அடிபட்டது என்று எழுதி முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அன்று என்னைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நம் வீட்டில் சங்கரா மீன் சமைத்ததே இல்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றுதான்: மேஸ்திரி என்பவன் மேலே சொல்வதைக் கீழே சொல்பவன், என் கையில் என்ன இருக்கிறது? அதையே பதினெட்டு வருடம் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டேன். உன் கல்யாணத்தில் என் வாயிலிருந்து வந்ததும் அதுதான். உன்னைச் சின்னவனாக்கினால்தான் என் பொய் நிற்கும் போலிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மாடசாமி நம் வீட்டுக்கு வந்தான். உன் செக்‌ஷனில் லான்ஸ் நாயக், தென்காசிப் பக்கத்துக்காரன். நீ கொடுத்தனுப்பிய அக்ரூட்டைக் கொடுத்துவிட்டு, எழும்பூரில் ரயில் ஏறும்வரை நேரமிருக்கிறது என்று உட்கார்ந்தான். அம்மா அவனுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணன் அந்தச் சரிவுக் கதையச் சொல்லியிருப்பாவல்லா?" என்று கேட்டான். என்ன சரிவு என்றேன். அவன் கொஞ்சம் தயங்கினான். அம்மா விடவில்லை.

"மூணு வருசம் முந்தி ஐயா. ஹவில்தாருக்கு உடம்பு சரியில்லாம மலையில இருந்து கீழ இறக்கிட்டாங்க. அண்ணன்தான் எங்களப் பாத்துக்கிட்டாவ. புதுசா வந்த லெப்டினன்ட் சாரு கூட வாராரு. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், ஒரு பனிச் சரிவத் தாண்டினா அந்தாக்குல போஸ்ட்டு. சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரணும்னு மேலயிருந்து ஆர்டர். வெயிலு நல்லா அடிக்கி. வெயிலு ஏறினா பனி எளகிரும்யா, அதுல கால வைக்கப்பிடாது. எங்க எல்லாத்துக்கும் தெரியும். ஆனா ஆபீசர்ட்ட யாரு சொல்லுவா?"

நீ அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, அந்த அதிகாரியைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாயாம். ரேடியோ செட் சுமந்தவன் என்பதால் மாடசாமி மட்டும் பக்கத்தில் நின்றிருக்கிறான். நீ இந்தியில் சொன்னதை அவன் தமிழில் எங்களுக்குச் சொன்னான்.

"'சார், ஆர்டர் உங்களது. போகச் சொன்னா போவோம். ஆனா இந்தச் சரிவு இப்ப சரியில்லன்னு நான் உங்ககிட்டச் சொல்லிட்டேன். அத நீங்க மேல சொல்லணும். அதுக்கப்புறமும் போன்னு சொன்னாங்கன்னா, மொதல்ல நான் மட்டும் கயித்தக் கட்டிக்கிட்டுப் போறேன். நான் அந்தப் பக்கம் சேந்த பொறவு ஒவ்வொருத்தனா அனுப்புங்க'ன்னாவ. சாருக்கு முகம் செவந்துட்டு. 'பயப்படுறியா நாயக்?'ன்னு கேட்டாரு. 'ஆமா சார், பயமாத்தான் இருக்கு'ன்னாவ அண்ணன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. பட்டாளத்துல யாரும் அப்படிச் சொல்லமாட்டான்யா."

அந்த அதிகாரி கொஞ்ச நேரம் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ரேடியோவை வாங்கிப் பேசியிருக்கிறார். மேலேயிருந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் காத்திருக்க அனுமதி கிடைத்தது. பாறை மறைவில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் விடியலில் பனி இறுகிக் கிடந்தபோது கடந்து போனீர்கள்.

"அன்னிக்கு சாயங்காலம் பனி சரிஞ்சிச்சா?" என்று நான் கேட்டேன். சரிந்தது என்று அவன் சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இல்லய்யா. ஒரு கைப்பிடிகூடச் சரியல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, கிண்டல்தான். 'வெயில் நாயக்'குன்னு பேரு வச்சிட்டானுவ. அண்ணன் சிரிச்சிக்கிட்டே போயிருவாவ. ஏன் தாமதம்னு எழுதிக் கேட்டாங்க. 'நான் சொன்னதாலதான் சார் நின்னாரு'ன்னு அண்ணன் தன் மேல போட்டுக்கிட்டாவ. ஹவில்தாருக்குப் பேரு போகவேண்டியதும் ஒரு தடவ தள்ளிப் போச்சு. பொறவு அதே லெப்டினன்ட் சாருதான் அண்ணனப் பத்தி நல்லா எழுதிக் கொடுத்தாருன்னு பேசிக்கிடுதாங்க."

பதவி உயர்வு ஏன் தள்ளிப்போனது என்று அந்த வருடம் நான் போனில் கேட்டபோது, "அடுத்த தடவை வரும்ப்பா" என்று மட்டும் சொன்னாய். "பாத்தியா, மேஸ்திரி பொழப்பு" என்று அப்போதும் குத்தினேன்.

மாடசாமி போன பிறகு நான் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். பனி சரியவில்லை என்பதுதான் என்னைப் போட்டு அறுத்தது. சரிந்திருந்தால் நீ வீரன். ஊரே கொண்டாடியிருக்கும். சரியாததால் நீ வெறும் பயந்தாங்கொள்ளி. அன்று நான் வேலையை நிறுத்தி வடத்தை மாற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பழைய வடம் அறுந்திருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. கப்பலைத் தாமதப்படுத்திய மேஸ்திரி என்று திட்டு வாங்கியிருப்பேன். ஏழுமலை இரண்டு காலோடு மீன் வாங்கிக்கொண்டு வந்திருப்பான், நானும் அந்தத் திட்டையே நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்திருப்பேன். நிறுத்துகிறவனுக்குச் சாட்சி கிடைக்காது குமரா. சாட்சியில்லாமலே நிற்க உனக்குத் தெரிந்திருந்தது. உனக்கு இருந்த அதிகாரமும் என்னுடையதைப் போலத்தான், கொஞ்சம்தான். நீ அதைத் தாண்டிப் போய் அந்த அதிகாரியை எல்லோர் முன்னாலும் எதிர்க்கவில்லை. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கயிற்றை முதலில் உன் இடுப்பில் கட்டுவதாகச் சொன்னாய். இதை உனக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கே கற்றாய் என்று தெரியவில்லை. எங்கே கற்றிருந்தாலும் அந்த இடத்துக்கு என் கும்பிடு.

மறுநாள் காலை எண்ணூர் பஸ் ஏறினேன். ஏழுமலை மெயின் ரோட்டோரம் இட்லிக்கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சாம்பல் லாரிகள் போகும் அந்த ரோட்டில், தூசி படாமல் தார்ப்பாய் கட்டிய சின்னக் கடை. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். செயற்கைக் கால் ஸ்டூல் கம்பியில் ஊன்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் கரண்டி ஒரு நொடி நின்றது.

"இன்னா மேஸ்திரி, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?"

கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். "ஏழுமலை, வயரப் பத்தி நீ அன்னிக்குச் சொன்ன. விசாரணையில நான் யாரும் சொல்லலன்னு சொல்லிட்டேன்."

"தெரியும். ஆஸ்பத்திரியில வந்து ரிப்போர்ட்ட படிச்சிக் காட்னாங்க. நிக்கக்கூடாத எடத்துல நின்னேனாம்."

"நீ ஏன் அப்பவே கேக்கல?"

"கேட்டா? காலு மொளைக்குமா?" தோசையைத் திருப்பிப் போட்டான். "நீ வருவன்னு ஒரு வருசம் பாத்தேன். அப்பறம் பாக்கறத வுட்டுட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு என்னை நேராகப் பார்த்தான். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனுக்குத்தான் தெரியுமே. என் பொண்ணு கீறா. நாயினா அசால்ட்டா நின்னு கால வுட்டுச்சுன்னுதான் அவ நெனச்சிகினு கீறா. சின்ன வயசுலேந்து அதான் கேட்டு வளந்தா. சொல்றதுன்னா அவகிட்ட சொல்லு."

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அந்தப் பெண்ணை அழைத்தான். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்தாள். நான் எழுந்து நின்றேன். என் பெயரையும், நான் அவள் அப்பாவுக்கு மேஸ்திரியாக இருந்ததையும், பிறகு நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தவில்லை. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நாயினா இன்னா வார்த்தை சொன்னாரு? அப்பிடியே சொல்லுங்க" என்றாள்.

"'மேஸ்திரி, வயரு பிஞ்சிகினு கீது. வேணாம், மாத்தச் சொல்லு'ன்னு சொன்னாரும்மா."

அவள் தன் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லிகீற நாயினா" என்றாள். "நீ சொல்லிகீற." ஏழுமலை முகத்தைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டான். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பி, எனக்கு ஒரு தோசை ஊற்றினான். கொடுக்கும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தான். சாப்பிட்டேன்.

இப்போது வாரத்தில் ஒரு நாள் போய் வருகிறேன். சில நாள் பேசுகிறான், சில நாள் பேசுவதில்லை. பேசாத நாளிலும் உட்கார்ந்து மாவாட்டும் இயந்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இனி உனக்கு நான் அறிவுரை சொல்ல என்ன இருக்கிறது? ஹவில்தார் வேலை எனக்குத் தெரியாது. இரண்டே விஷயம் மட்டும் ஒரு மோசமான மேஸ்திரியாகச் சொல்கிறேன். உன் ஆட்களில் ஒருவன் வந்து, இது சரியில்லை என்று சொன்னால், அவன் சொல்லி முடிக்கும்வரை கேள். அதைச் சொல்லவே அவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று அன்று நான் யோசிக்கவில்லை. ஏழுமலை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போன அந்த நடையை நினைத்துக்கொள். உன்னிடமிருந்து யாரும் அப்படி நடந்து போகக்கூடாது.

இன்னொன்று. நீயும் மனிதன்தான், என்றைக்காவது உன் கையும் தப்பான நேரத்தில் உயரலாம். அப்படி நடந்தால், மேலே சொன்னார்கள் என்று சொல்லாதே. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் போய், நான்தான் என்று அன்றைக்கே சொல்லிவிடு. டோல்கேட்டிலிருந்து எண்ணூர் அரை மணி நேரத் தூரம்கூட இல்லை. எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

உன் அப்பா